வந்த தேதி

பம்பாயில் குடும்பத்துக்கு ஒரு வீடு தேடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இடம் சிறுத்தது, ஜனம் பெருத்தது, ஆகவே விலை ஏறியது என்று விஷயம் முடிந்துவிடுகிறது. கடலுக்குள் நீண்டு கிடக்கும் அந்த நிலத்துண்டைப் படத்தில் பார்க்கிறவனுக்கு இது சரி என்றே படும். பதினெட்டு வருஷங்களில் ஆறு வாடகை வீடுகள் மாறியவன் என்ற முறையிலும், இந்நகரின் வீட்டுச் சரித்திரத்தைக் கொஞ்சம் படித்தவன் என்ற முறையிலும் எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. இங்கே ஒருவனுக்கு வீடு உண்டா இல்லையா என்பதை, அவன் கையில் என்ன இருக்கிறது என்பதோடு, அவன் என்றைக்கு வந்தான் என்பதும் சேர்ந்தே தீர்மானித்திருக்கிறது. பம்பாயின் முக்கியமான வீட்டுச் சட்டம் எதைப் பிரித்தாலும் நடுவில் ஒரு தேதி உட்கார்ந்திருக்கிறது. அத்தேதியில் உள்ளே இருந்தவன் ஒரு வர்க்கம். மறுநாள் வந்தவன் வேறு வர்க்கம். பொருளாதாரப் புத்தகங்களில் இவ்வர்க்கங்களுக்குப் பெயர் இல்லை.

தேதிகளுக்கு முந்திய சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும்.

1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் தோன்றியது. காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளே நோய்க்குக் காரணம் என்று அரசு முடிவு செய்து, 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தை உண்டாக்கிற்று. டிரஸ்டுக்குக் கட்டுவதைவிட இடிப்பது சுலபமாக வந்தது. நெரிசலான பேட்டைகளைக் கிழித்து அகலமான வீதிகள் போட்டார்கள். இடிபட்ட வீட்டுக்காரர்கள் நஷ்டஈடு வாங்கிக்கொண்டார்கள். இடிபட்ட வீட்டில் குடியிருந்தவர்கள் அடுத்த சந்தில் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டார்கள். பிறகுதான் டிரஸ்ட் தானும் சில சால்கள் கட்டியது. நடுவில் நீண்ட தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள், கடைசியில் பொதுக் கக்கூஸ், பொதுக் குழாய். இதுதான் சால். பரேலில் இருந்த அப்படிப்பட்ட டிரஸ்ட் சால் ஒன்றில்தான் அம்பேத்கர் 1912 முதல் 1934 வரை, வெளிநாட்டில் படித்த வருஷங்கள் போக, குடும்பத்தோடு வாழ்ந்தார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியது அந்த அறைகளுக்குத்தான். 1927-ல் மஹாத் குளத்துக்குப் போனது அங்கிருந்துதான். பின்னர் தாதரில் அவர் கட்டிய ராஜகிருகம் முக்கியமாகப் புத்தகங்களுக்காகக் கட்டப்பட்டது. ஒரு மனிதன் உட்கார்ந்து படிக்க எத்தனை சதுர அடி வேண்டும் என்ற கேள்வி இந்நகரில் அன்றே எழுந்துவிட்டது.

டிரஸ்ட் வடக்கே தாதர், மாட்டுங்கா பக்கம் வயல்வெளிகளை மனைகளாக்கியது. நம்மவர்கள் சரித்திரத்தில் நுழைவது இங்கே. கும்பகோணத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வந்த பிராமண குமாஸ்தாக்கள் மாட்டுங்காவில் குடியேறினார்கள். சாலில் இல்லாத ஒன்று அங்கே கட்டப்பட்ட மாடிக் குடியிருப்புகளில் இருந்தது: கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இன்று இது வசதி. அன்று ஆசாரக்காரர்களுக்கு இது ஒரு மதப் பிரச்னை. நிகில் ராவ் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இந்த மனச்சங்கடத்தை விவரமாகப் பேசுகிறது. சமையலறைக்கும் கக்கூஸுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர் என்பதை ஏற்றுக்கொண்டுதான் தென்னிந்திய நடுத்தர வர்க்கம் பம்பாய்க்காரனாக ஆயிற்று. அதே காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த தமிழர்கள், மாட்டுங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில், தாராவிச் சதுப்பை மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தமிழ்க் குடியேற்றங்களுக்கும் நடுவில் ரயில் பாதை. அதைத் தாண்டிய கதைகள் நம் மொழியில் மிகக் குறைவு.

தொழிலாளிக்கு வீடு என்ற காரியத்தை அரசு பெரிதாகக் கையில் எடுத்தது ஒரே ஒரு முறைதான். 1920-ல், கவர்னர் ஜார்ஜ் லாயிட் காலத்தில், அபிவிருத்தி இலாகா ஒன்று உண்டாயிற்று. நகருக்குள் வரும் ஒவ்வொரு பருத்திப் பொதிக்கும் ஒரு ரூபாய் வரி போட்டு, அந்தப் பணத்தின் துணையோடு 50,000 குடியிருப்புகள் கட்டுவதாகத் திட்டம். வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி என்று நான்கு இடங்களில் 207 கான்கிரீட் கட்டிடங்கள், ஏறத்தாழ 16,000 அறைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் 160 சதுர அடி. மில்லுக்குத் தூரம், வாடகை அதிகம், தண்ணீர் சரியில்லை என்று ஜனங்கள் வர மறுத்தார்கள். வொர்லியில் காலியாகக் கிடந்த கட்டிடங்கள் சட்டமறுப்பு இயக்கத்தின்போது தாற்காலிகச் சிறையாகப் பயன்பட்டன. வீடில்லாத நகரத்தில் ஆளில்லாத வீடு என்ற வினோதம் அப்போதே ஆரம்பம்.

இனி தேதிகள்.

முதல் தேதி 1940 செப்டம்பர் 1. யுத்தத்தில் வாடகைகள் ஏறுவதும் சர்க்கார் தடுப்பதும் 1918-லேயே நடந்திருந்தது. இரண்டாம் யுத்தம் முடிந்து, பிரிவினையும் வந்து, சிந்துவிலிருந்து அகதிகள் வந்து இறங்கிய சமயத்தில் 1947-ன் பம்பாய் வாடகைச் சட்டம் வந்தது. 1940 செப்டம்பர் 1-ல் இருந்த வாடகையே நியாய வாடகை என்றது அது. இச்சட்டம் இல்லாவிட்டால் மில் தொழிலாளியும் குமாஸ்தாவும் அன்றே தெருவுக்கு வந்திருப்பார்கள். இதைச் சொல்லாமல் இச்சட்டத்தைத் திட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் இது சில வருஷங்களுக்கு என்று வந்த சட்டம். சட்டசபை அதை நீட்டித்தது, மறுபடி நீட்டித்தது, நூற்றாண்டு முடியும்வரை நீட்டித்துக்கொண்டே போயிற்று. உறைந்த வாடகையில் வீட்டுக்காரன் ஓடு மாற்றமாட்டான், குழாய் மாற்றமாட்டான். மழைக்காலம்தோறும் கட்டிடங்கள் விழுந்தன. 1969-ல் பழுதுபார்க்க ஒரு வாரியம் அமைத்து, அதற்கென ஒரு வரியும் போட்டார்கள். 19,000-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அப்பட்டியலில் சேர்ந்தன. பழுதுபார்க்கும்வரை என்று இடைக்கால முகாமுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் பல அங்கேயே பேரன் பேத்தி எடுத்தன.

வாடகை உறைந்ததே ஒழிய வீட்டின் விலை உறையவில்லை. அது வேறு பெயரில் வெளியே வந்தது. பகடி. ஹிந்தியில் அதற்குத் தலைப்பாகை என்று அர்த்தம். தமிழ் அர்த்தமும் பொருந்தாமல் இல்லை. குடியிருப்பவன் தன் குடியிருப்பு உரிமையைப் புதிதாக வருகிறவனுக்குப் பெருந்தொகைக்குக் கைமாற்றுவான். அதில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரனுக்கு. 1947 சட்டப்படி இது குற்றம். நகரம் முழுவதும் ஐம்பது வருஷங்கள் இந்தக் குற்றத்தின் மேல்தான் குடியிருந்தது. 1999-ன் புதிய சட்டம் பகடியைச் சட்டபூர்வமாக்கியபோது, நடந்ததற்கு ஒரு ரசீது கொடுத்தது, அவ்வளவே.

இச்சட்டத்தின் உள்ளே இன்னொரு ஷரத்து உண்டு. என் நோக்கில் பம்பாய்க் குடும்பத்தின் அந்தரங்கத்தை எழுதியது அந்த ஷரத்துதான். வாடகைக்காரன் இறந்தால், இறக்கும் சமயத்தில் அவனோடு குடியிருந்த குடும்பத்தானுக்கு வாடகை உரிமை போகும். கூடவே குடியிருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, கல்யாணம் ஆன மகன் தனிக்குடித்தனம் போனால், அவன் இழப்பது அப்பாவின் சகவாசத்தை மட்டுமல்ல, நகரத்தில் தனக்கிருந்த ஒரே காலடி நிலத்தையும். அவன் போகவில்லை. தம்பியும் போகவில்லை. 160 சதுர அடியில் மூன்று தலைமுறை. சமையல் மேடைக்கு மேலே பலகை அடித்துப் பரணில் படுத்தார்கள். புருஷர்கள் தாழ்வாரத்திலும் மொட்டை மாடியிலும் படுத்தார்கள். கூட்டுக் குடும்பம் என்னும் நம் பண்பாட்டுப் பெருமையின் ஒரு பகுதி, பம்பாயைப் பொறுத்தவரை, வாடகைச் சட்டத்தின் ஒரு உபவிளைவு. இதைச் சொன்னால் நம் பண்பாட்டுக் காவலர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

இரண்டாம் தேதி 1973 பிப்ரவரி 1. 1947 சட்டத்திலிருந்து தப்ப வீட்டுக்காரர்கள் ஒரு உபாயம் கண்டார்கள். இவன் வாடகைக்காரன் இல்லை, என் அனுமதியின் பேரில் தங்கியிருப்பவன் என்று பத்திரம் எழுதினார்கள். லீவ் அண்ட் லைசென்ஸ். அரசு விழித்துக்கொண்டு, 1973 பிப்ரவரி 1-ல் இவ்விதம் குடியிருந்தவர்கள் எல்லோரும் வாடகைக்காரர்களே என்று திருத்தம் கொண்டுவந்தது. அன்று உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். மறுநாளிலிருந்து வீடு வைத்திருந்தவர்கள் பூட்டிவைத்தார்கள். பெரிய கம்பெனிகளுக்குத் தவிர வேறு யாருக்கும் விடவில்லை. ஒரு நாள் நியாயம் வழங்கி அடுத்த பல வருஷங்களுக்குக் கதவைச் சாத்திய அபூர்வமான திருத்தம் அது.

நான் இந்நகருக்கு வந்தபோது 1999 சட்டம் அமலுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பயம் கொஞ்சம் தெளிந்து, பதினோரு மாதப் பத்திரத்துக்கு வீடு கிடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் 1973-ன் சந்தேகம் மட்டும் போகவே இல்லை. வருகிறவன் போகமாட்டான் என்ற சந்தேகம். வீடு பார்க்கப் போகும்போது தரகர் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல. குடும்பமா, எத்தனை பேர், எந்த ஊர், சைவமா. குடும்பம் என்றால் ஒரு நிம்மதி, கூடவே ஒரு கவலை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ளவன் சுலபமாக நகரமாட்டான் அல்லவா. எந்த ஊர் என்ற கேள்விக்கு உள்ளே இருக்கும் கேள்வி வேறு. அதற்கும் சரித்திரம் உண்டு. ஆசியாவின் முதல் கூட்டுறவு வீட்டுச் சங்கம் என்று சொல்லப்படுவது 1915-ல் காம்தேவியில் எழுந்த சாரஸ்வதர்களின் சங்கம். கூட்டுறவு என்ற நவீனச் சொல் முதலில் ஒரு ஜாதியின் சுற்றுச்சுவராகத்தான் உருவம் பெற்றது. மாட்டுங்காவில் நம்மவர்கள் செய்ததும் பெரிதாக வேறு இல்லை. தேதியை அடுத்து இந்நகரின் இரண்டாவது சாவி இது.

பதினோரு மாதம் ஒரு விசித்திரமான கால அளவு. வருஷம் முழுதாவதற்குள் அடுத்த வீட்டை நினைக்க வேண்டும். தரகுக்கு ஒரு மாத வாடகை, போலீஸில் விவரம் கொடுப்பது, காஸ் முகவரி மாற்றுவது. ஐந்தாவது வீடு செம்பூரில், ஆறாவது முலுண்டில். அடுத்தது டோம்பிவலியாக இருக்கலாம். மாட்டுங்காவிலிருந்து ரயில் தடத்தோடு தமிழ்க் குடும்பங்கள் வடக்கே நகர்ந்த வழியில்தான் நானும் எழுபது வருஷம் பிந்திப் போய்க்கொண்டிருக்கிறேன். என் அம்மா பித்தளை அண்டாவையும் இரண்டு அடுக்குகளையும் மூன்று வீடுகளாகச் சாக்கிலிருந்து எடுக்கவில்லை. "எடுத்தா திரும்பக் கட்டணும்" என்கிறாள். இதில் புகார் தொனி இல்லை. இந்நகரின் சட்ட சரித்திரத்தை அவள் புரிந்துகொண்டிருப்பது அவ்விதம்.

மூன்றாவது வரிசைத் தேதிகள் குடிசைக்காரர்களுடையவை. 1976-ல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை கொடுத்தார்கள். 1981-ல் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த அரசு முனைந்தபோது பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் மற்றவர்களும் வழக்குத் தொடர்ந்தார்கள். 1985-ல் உச்ச நீதிமன்றம் உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்ற மகத்தான வாக்கியத்தைச் சொன்னது. அதே தீர்ப்பில், அப்புறப்படுத்தலாம், ஆனால் 1976 கணக்கில் வந்தவர்களுக்கு மாற்று இடம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. மகத்தான வாக்கியம் சட்டப் புத்தகங்களுக்குப் போயிற்று. தேதி நடைபாதைக்கு வந்தது. 1995 ஜனவரி 1-க்கு முன் வந்தவர்களுக்கு இலவசமாக 225 சதுர அடி என்று பிறகு ஒரு திட்டம். தேதி அப்புறம் 2000 ஜனவரி 1-க்கு நகர்ந்தது, பரப்பும் கூடியது. 2022-ல் டெண்டர் முடிவான தாராவித் திட்டத்தில் தரைத்தளத்தில் இருப்பவனுக்கு ஒரு தேதி, மாடியில் இருப்பவனுக்கு வேறு விதி. தாராவியில் எனக்குத் தெரிந்த வீடுகளில் நகை இருக்கும் இடத்தில் காகிதங்கள் இருக்கின்றன: ரேஷன் அட்டை, பழைய மின்சார பில், புகைப்பட அட்டை. இத்தனாம் தேதியில் நான் இங்கே இருந்தேன் என்பதற்குச் சாட்சி. கவிஞன் இருத்தல் என்று எழுதுகிற சொல்லை அவர்கள் மின்சார பில்லால் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

மில் தொழிலாளிக்கும் ஒரு தேதி கிடைத்தது. 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் முறைப்படி முடிவுக்கு வரவே இல்லை, மில்கள் செத்தன, மில் நிலங்களில் கோபுரங்கள் வந்தன. அந்நிலத்தில் ஒரு பங்கு தொழிலாளர்களுக்கு வீடு என்று முடிவானபோது, 1982 ஜனவரி 1-ல் அல்லது அதற்குப் பிறகு மில் பதிவேட்டில் பேர் இருந்திருக்க வேண்டும் என்றது விதி. அதன் பிறகு குலுக்கல். மனுச் செய்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு அருகில்.

இத்தனை சரித்திரமும் இலக்கியப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கலாம். இதற்காகத்தான் எழுதினேன். நம் நவீன எழுத்தில் நகரம் என்றால் ஓர் அறை, அறையில் ஒருவன், அவனுக்குத் தனிமை. திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து இந்தப் படிமம் வந்தது. ஐரோப்பிய எழுத்தைப் படித்ததிலிருந்தும் வந்தது. தவறில்லை, அது ஓர் அனுபவம். ஆனால் அந்நியமாதல் என்பதை அதோடு நாம் ஒட்டிவிட்டோம். பம்பாயின் நவீனத் துன்பம் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. அங்கே ஒருவனுக்குத் தனியாக இருக்கவே முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள இருட்டு வேண்டும். அழுவதற்குக் கடற்கரைக்குப் போக வேண்டும். கூட்டத்தின் நடுவே, சொந்தக் குடும்பத்தின் நடுவே, ஒருவனுடைய அகம் என்ற இடமே கட்டப்படாமல் போவதும் அந்நியமாதல்தான்.

மராட்டியர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். பு. ல. தேஷ்பாண்டே 1958-ல் 'படாட்யாச்சி சாள்' என்ற நூலில் சாலை நகைச்சுவையால் எதிர்கொண்டார். 1970-ல் வந்த 'மும்பைச்சா ஜாவயி' என்ற படமும், அதை ஹிந்தியில் பாஸு சாட்டர்ஜி எடுத்த 'பியா கா கர்' (1972) என்ற படமும் புதுத் தம்பதிக்குத் தனி இடமில்லாத ஒரே விஷயத்தைப் பேசுகின்றன. 'கரோந்தா' (1977) வீடு வாங்கச் சேர்த்த பணத்தைப் பறிகொடுத்த ஜோடியைக் காட்டியது. சயீத் மிர்ஸாவின் 'மோகன் ஜோஷி ஹாஜிர் ஹோ' (1984) வீட்டைப் பழுதுபார்க்கச் சொல்லி வழக்குப் போட்ட முதிய தம்பதியைப் பின்தொடர்ந்தது. இவை எல்லாம் மகத்தான கலை என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு கடைசியில் சமாதானம் பேசிவிடுகின்றன. ஆனால் வீடு அவற்றில் பின்னணி அல்ல. மனித உறவை நெரிக்கிற கையே அதுதான். பம்பாயில் வாழ்ந்து எழுதிய தமிழர்கள் அநேகர் கும்பகோணத்தையும் தாமிரபரணியையும் நினைத்து எழுதினார்கள். விட்டுவந்த வீட்டுக்குக் கிடைத்த எழுத்து, கிடைக்காத வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

வாடகைச் சட்டத்தைத் தூக்கி எறிந்தால் எல்லாம் சரியாகும் என்று சந்தைவாதிகள் சொல்கிறார்கள். வாடகை உறைந்தே கிடப்பது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று 1997-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது, நியாயமான வாதம்தான். 1999 சட்டம் பழைய வாடகைக்கு வருஷம் 4 சதவீதம் ஏற இடம் கொடுத்தது. புதிய பத்திரங்களுக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. வாடகை இறங்கிற்றா? 2011 ஜனத்தொகைக் கணக்கில் மும்பையில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 4.8 லட்சம். வொர்லியின் காலி அறைகளுக்கு ஒரு காரணம், 1973-ன் பூட்டுக்கு ஒரு காரணம், இவற்றுக்கு வேறு காரணம். வீடு இப்போது முதலீட்டின் பெட்டகம். வெளியே நிற்கிறவனுக்கு மூன்றும் ஒரே பூட்டுதான்.

இடதுசாரி நண்பர்கள் சட்டத்தைத் தொடாதே என்கிறார்கள். அவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 1947 சட்டம் காலத்தை நிறுத்திவைத்தது எதற்காக? நிறுத்திவைத்த நேரத்தில் அரசு வீடு கட்டும் என்பதற்காக. கட்டியது போதவில்லை. உள்ளே இருப்பவனைக் காப்பாற்றுவது செலவில்லாத தர்மம். வீட்டுக்காரன் பையிலிருந்து கொடுத்துவிடலாம். வரப்போகிறவனுக்குக் கட்டுவதற்குத்தான் நிலமும் வரியும் வேண்டும். அரை நூற்றாண்டாக அரசுகள் முதலாவதைச் செய்து இரண்டாவதைச் செய்ததாகக் காட்டிக்கொண்டன. தேர்தலுக்குத் தேர்தல் தேதியை நகர்த்துவதும் இதே தந்திரம்தான். தேதி நகர்கிறபோது சிலர் உள்ளே வருகிறார்கள், அது நல்லதே. ஆனால் ஒரு தேதி இருந்தே தீரும் என்ற ஏற்பாடு நகராமல் இருக்கிறது.

தேதியால் காப்பாற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் விஷயம் முழுதாகத் தெரியும். மூத்தவன் அறையோடு இருந்தான். இளையவர்கள் விரார், கல்யாண், பதலாபூர் என்று ரயிலின் கடைசி நிலையங்களில் இருக்கிறார்கள். தகப்பன் 1940-க்கு முன் வந்தவன். பிள்ளை, அதே நகரில் பிறந்தும், சட்டத்தின் கண்ணில் நேற்று வந்தவன். அவன் நிலையும் என் நிலையும் ஒன்று. என்னை வெளியூர்க்காரன் என்று சொல்ல அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; 1960-களில் தென்னிந்தியர்கள் மேல் கிளப்பப்பட்ட ஆத்திரத்தில் வேலைக்கு எவ்வளவு பங்கோ, அறைக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு இருந்திருக்க வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே பதினோரு மாதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்பது இன்னும் எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.